பழைய மில்லிங் மெஷினின் பேப்பர் டேப்பைப் படிக்க ரீடர் நாமே செய்யலாமா?

மின்யாக் பட்டறை எழுதியது:

வணக்கம். பினாங்கு பெருநிலத்தில், புக்கிட் மின்யாக்கில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. அப்பா தொடங்கியது. அவர் வாங்கிப் போட்ட ஜப்பான் வெர்டிகல் மில்லிங் மெஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. மெஷினை ஓட்டுவது 1980களின் தொடக்கத்து ஃபனுக் கண்ட்ரோல், கேபினெட் கதவிலேயே பேப்பர் டேப் ரீடர். புரோகிராமை ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்த நாடாவைப் படிப்பது அதுதான். ஸ்பிண்டில், ஸ்லைடு எதிலும் குறை சொல்ல முடியாது. ரீடர்தான் தகராறு. கொஞ்ச தூரம் படிக்கும், அப்புறம் அலாரம் போட்டு நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லவே முடியாது.

செம்பனை ஆலைகளுக்கு நாங்கள் கேம் (வளைந்த விளிம்புள்ள சுழலும் தகடு), கவர் பிளேட் எல்லாம் செய்து கொடுக்கிறோம். அதில் பழைய பார்ட் சிலவற்றின் புரோகிராம் டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. ட்ராயிங் போய்விட்டது. பெரிய மைலோ டின் நிறைய சுருள் சுருளாக டேப். சில கறுப்பு, சில எண்ணெய் தடவிய மாதிரி மஞ்சள் காகிதம், சில பளபளவென்று பிளாஸ்டிக். அப்பா டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து எண்களை வாயாலேயே படிப்பார். எனக்கு அது வராது, அவருக்கும் இப்போது கண் சரியாக இல்லை.

ஆர்டுயினோ போர்டில் புரோகிராம் போடக் கொஞ்சம் தெரியும். வெளிச்சத்தை உணரும் போட்டோடிரான்சிஸ்டர் வைத்து நானே ஒரு ரீடர் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் போட்டோடிரான்சிஸ்டரை வரிசையாக வைத்தால் ஓட்டைகளின் இடைவெளிக்கு அது பொருந்தவில்லை, ஒன்றை ஒன்று இடிக்கிறது. டேப்பைச் சீராக இழுக்க ஸ்டெப்பர் மோட்டார் வேண்டுமா? எந்தக் குறியீட்டு முறையில் குத்தியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படித்த பிறகு மெஷினுக்குள் எப்படி அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் சிஎன்சி எழுதியது:

பாஸ், இதற்கெல்லாம் நேரம் செலவழிக்கலாமா? கண்ட்ரோலையே மாற்றிவிடுங்கள், புது சர்வோவோடு. இல்லையென்றால் பார்ட்டை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரில் புதிதாக புரோகிராம் போட்டுவிடுங்கள். டேப் எல்லாம் மியூசியத்துக்குப் போகட்டும்.

மின்யாக் பட்டறை எழுதியது:

ரெட்ரோஃபிட்டுக்கு விலை கேட்டாயிற்று அண்ணே. அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினே வாங்கலாம். பார்ட்டை அளந்து போடலாம்தான், ஆனால் கையில் இருப்பதெல்லாம் தேய்ந்த கேம். தேய்மானத்தையும் சேர்த்தல்லவா அளப்போம்? சரியான வளைவு டேப்பில் இருக்கிறது.

சான் சோ லின் தாத்தா எழுதியது:

தம்பி, நான் கோலாலம்பூர் சான் சோ லின் பக்கம் பட்டறை பட்டறையாக ஏறி இந்த மாதிரி கண்ட்ரோல்களை ரிப்பேர் பார்த்துச் சம்பாதித்தவன். இப்போது ஓய்வு. கேட்டது நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ரீடரின் கண்ணாடியைத் துடைத்தீர்களா? சிரிக்காதீர்கள். ரீடர் பழுது என்று கூப்பிட்ட பல இடங்களில் நான் செய்த வேலை அதுதான். கூலன்ட் ஆவி, டேப்பின் காகிதத் தூள், எண்ணெய் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன ஜன்னலில் ஒரு படலமாக உட்காரும். ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். டேப்பை அழுத்திப் பிடிக்கும் மூடியின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். விளக்கு மங்கியிருக்கிறதா, அதற்கு வரும் வோல்டேஜ் சரியா என்று பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் இந்தப் பதிவு முழுவதையும் மறந்துவிடலாம்.

ஆகவில்லை என்றால், ஒன்றை மனதில் வையுங்கள். டேப்பில் இருப்பதை வெளியே எடுப்பது ஒரு வேலை, அதை மெஷினுக்குள் ஏற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யப் பார்த்துத்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். மெஷினின் ரீடர் நொடிக்குச் சுமார் 300 எழுத்து படிக்கும், ஒரு எழுத்தில் டக்கென்று நிற்கும், திரும்ப ஓடும். அதற்கு நிகராக வீட்டில் செய்வது தலைவலி. உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு டேப்பையும் ஒழுங்காகப் படித்து ஃபைலாக்குவது மட்டும். அதற்கு மோட்டார் தேவையில்லை. கையால் இழுத்தால் போதும். 1970களில் அமெரிக்காவில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஆலிவர் ஆடியோ என்ற கம்பெனி ஓபி-80ஏ என்று ஒரு ரீடர் விற்றது. அதில் மோட்டாரே கிடையாது, நாடாவை விரலால் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

கையால் இழுத்தால் வேகம் மாறுமே, எழுத்து தப்பாதா என்று கேட்பீர்கள். டேப்பை நன்றாகப் பாருங்கள். நீளவாட்டில் எட்டு தகவல் ஓட்டை வரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு சேனல். அவற்றின் நடுவே, மூன்றாவது சேனலுக்கும் நான்காவது சேனலுக்கும் இடையில், சின்னதாக ஒரு ஓட்டை வரிசை முடிவில்லாமல் போகும். பழைய ரீடர்களில் பல்சக்கரம் மாட்டி இழுத்தது அதில்தான். ஃபீட் ஓட்டை என்று பெயர். உங்களுக்கு அது கடிகாரம். அதன் விட்டம் 1.17 மில்லிமீட்டர், தகவல் ஓட்டை 1.83. இரண்டின் மையமும் ஒரே கோட்டில். ஆகவே ஃபீட் ஓட்டையில் வெளிச்சம் தெரியத் தொடங்கும்போது தகவல் ஓட்டைகள் ஏற்கனவே திறந்திருக்கும், அது மூடும்போதும் அவை திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் 0.33 மில்லிமீட்டர் மிச்சம். ஃபீட் ஓட்டை தெரிந்தவுடன் எட்டு சேனலையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். நீங்கள் மெதுவாக இழுத்தாலும் விசுக்கென்று இழுத்தாலும் கணக்கு ஒன்றுதான். அரை மீட்டரை ஒரு நொடியில் இழுத்தால்கூட நொடிக்கு 200 எழுத்துக்குள்தான் வரும். ஆர்டுயினோவுக்கு அது தூங்கிக்கொண்டே செய்யும் வேலை.

கை நடுங்கினால்தான் பிரச்சினை. ஃபீட் ஓட்டையின் விளிம்பில் டேப் முன்னும் பின்னும் ஆடினால் ஒரே எழுத்து இரண்டு முறை பதிவாகும். அதற்கு இரண்டாவதாக ஒரு ஃபீட் சென்சாரை ஐந்தேகால் பிட்ச் தள்ளி வையுங்கள். ஓட்டைக்கு ஓட்டை 2.54 மில்லிமீட்டர், அதுதான் ஒரு பிட்ச், ஆகவே 13.335 மில்லிமீட்டர். அந்தக் கால் பிட்ச்சில்தான் சூட்சுமம். இரண்டு சென்சாரும் எந்த வரிசையில் மாறுகின்றன என்று பார்த்தால் டேப் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். பின்னால் போனால் எண்ணிக்கையை ஒன்று குறைத்துக்கொள்ளலாம். மெஷின் மேசை எங்கே நிற்கிறது என்று எண்ணில் காட்டும் டிஆர்ஓ ஸ்கேலில் நடப்பதும் இதே விஷயம்தான், நீங்கள் தினமும் பார்ப்பது.

சென்சாருக்கு 3 மில்லிமீட்டர் உருண்டை வேண்டாம். 1206 அளவில் பலகையில் ஒட்டும் போட்டோடிரான்சிஸ்டர் கிடைக்கும், அகலம் 1.6 மில்லிமீட்டர்தான். 2.54 பிட்ச்சில் தாராளமாக உட்காரும். அதன் மேல் ஒரு அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு ஜன்னல் செய்யுங்கள், தகவல் சேனல்களுக்கு 1 மில்லிமீட்டர், ஃபீடுக்கு 0.6. வெளிச்சம் பக்கத்துச் சேனலுக்குச் சிந்தாமல் இருப்பது இந்தத் தகட்டால்தான். த்ரீடி பிரிண்டரில் கறுப்பு பிளாஸ்டிக்கில் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் சில சமயம் அகச்சிவப்பை உள்ளே விடும். மில்லிங் மெஷினை வீட்டில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் எதற்கு?

கைடு நீளமாக இருக்கட்டும், 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல். டேப் அகலம் 25.4, பள்ளத்தை 25.5 வையுங்கள். நாடா கோணலாகப் போனால் அந்த 0.33 மிச்சத்தை எட்டாவது சேனல் முதலில் தின்றுவிடும், அதுதான் ஃபீட் ஓட்டையிலிருந்து தூரம். நீளமான கைடில் அந்தக் கவலையே இல்லை.

போட்டோடிரான்சிஸ்டரின் சிக்னலை நேராக ஆர்டுயினோவில் மாட்டாமல், அதைத் தெளிவான ஆன், ஆஃப் ஆக்கித் தரும் 74எச்சி14 சிப் வழியாக விடுங்கள். ஒரு சிப்பில் ஆறு கேட், உங்களுக்கு இரண்டு சிப் போதும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஒரு சங்கடம். எட்டு பிட்டையும் ஒரே தடவையில் படிக்க முழு போர்ட், அதாவது எட்டு பின் சேர்ந்த தொகுதி, கிடைக்காது, ஒன்றில் சீரியல் பின்கள் உட்கார்ந்திருக்கும், மற்றதில் கிரிஸ்டல். மெகா போர்டு வாங்கினால் 22 முதல் 29 வரை உள்ள பின்கள் முழு போர்ட் ஏ, ஒரே கட்டளையில் எட்டும் வந்துவிடும். இங்கே புடு ஜாலான் பாசாரில் ஏறி இறங்கினால் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். உங்கள் பக்கம் எப்படியோ, ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து குறியீட்டு முறை. உங்கள் டின்னில் இரண்டு வகையும் கலந்திருக்கும். ஒன்று ஈஐஏ, மற்றது ஐஎஸ்ஓ. கண்ணாலேயே பிரிக்கலாம். எட்டாவது சேனலில் மட்டும் தனியாக ஒரு ஓட்டை அடிக்கடி வருகிறதா? அது ஈஐஏவின் பிளாக் முடிவு, அதாவது புரோகிராமில் ஒரு வரி முடிகிற குறி. ஐஎஸ்ஓவில் பிளாக் முடிவு என்றால் இரண்டாவது, நான்காவது சேனல் ஓட்டைகள். இன்னொரு அடையாளம், ஐஎஸ்ஓவில் எண்கள் வரும் இடமெல்லாம் ஐந்தாவது, ஆறாவது சேனலில் ஓட்டை இருந்துகொண்டே இருக்கும், இரட்டைக் கோடு போட்டது போலத் தெரியும். ஈஐஏவில் ஒரு வரிசையில் உள்ள ஓட்டைகளை எண்ணினால் எப்போதும் ஒற்றைப்படை, அதற்காகவே ஐந்தாவது சேனல். ஐஎஸ்ஓவில் எப்போதும் இரட்டைப்படை, அந்த வேலையை எட்டாவது சேனல் செய்யும். உங்கள் அப்பா டியூப்லைட்டில் படித்தது ஈஐஏவாக இருந்தால் 1, 2, 4, 8 நான்கும் ஒற்றை ஓட்டைகள், 3 என்றால் ஒன்று, இரண்டோடு ஐந்தாவதும், பூஜ்ஜியம் ஆறாவதில் தனியாக. பழகினால் வேகமாக வரும். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஒவ்வொரு டேப்பையும் இரண்டு முறை படித்து இரண்டு ஃபைலையும் ஒப்பிடுங்கள். ஒரு வரிசையில் ஒரு ஓட்டை தப்பினால் பாரிட்டி, அதாவது அந்த ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு, காட்டிக்கொடுக்கும், இரண்டு தப்பினால் காட்டாது. கேம் வெட்டும்போது எக்ஸில் ஒரு இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெஷினுக்குள் ஏற்றுவதைப் பற்றி, முதலில் படித்து முடியுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

மின்யாக் பட்டறை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், கொஞ்சம் முன்னேற்றம், ஆனாலும் நடுவில் நிற்கிறது. விளக்கு கறுத்துத்தான் போயிருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அலுமினியக் கட்டை வெட்டி, நீங்கள் சொன்ன மாதிரி 1206 போட்டோடிரான்சிஸ்டர் எட்டு தகவல் சேனலுக்கு, ஃபீடுக்கு இரண்டு. மேலே அகச்சிவப்பு எல்இடி வரிசை. மெகா போர்டு. கறுப்பு டேப் அருமையாகப் படிக்கிறது, இரண்டு முறை இழுத்தும் ஒரே ஃபைல். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனில் வரும் எண்ணையும் டேப்பையும் ஒத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்னும் நான்கு சுருளை டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மஞ்சள் டேப்தான் படுத்துகிறது. ஓட்டை இல்லாத இடத்திலும் ஓட்டை என்று காட்டுகிறது. சில இடத்தில் எட்டு சேனலும் திறந்தே இருப்பதாகச் சொல்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அப்படி ஒன்றும் ஒளி ஊடுருவுவது போலத் தெரியவில்லையே?

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தாத்தா மன்னிக்கவும். எல்இடி செய்யும் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு இதில் சும்மா இருந்தால் சரியாக வராது.

கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள். காகிதம், அதுவும் எண்ணெய் ஏறிய காகிதம், அகச்சிவப்புக்கு நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே வழி விடும். போட்டோடிரான்சிஸ்டருக்கோ அகச்சிவப்பில்தான் கண் கூர்மை. எல்இடியை முழு வெளிச்சத்தில் எரியவிட்டிருப்பீர்கள். அதனால் காகிதம் வழியாகக் கசிவதே சென்சாரை முழுதாகத் திறக்கப் போதுமானதாகிவிடுகிறது.

கறுப்பு டேப்புக்குப் பிரச்சினை இல்லை, அதில் எதுவும் புகாது. மஞ்சளுக்கு எல்இடி கரன்ட்டைக் குறையுங்கள். தொடரில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் போட்டு, ஓட்டை இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு, போட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். காகிதத்தில் 4 வோல்ட்டுக்கு மேல், ஓட்டையில் 1 வோல்ட்டுக்குக் கீழ் என்று வந்துவிட்டால் 74எச்சி14க்குப் போதும். கலெக்டரில் எவ்வளவு ரெசிஸ்டர் வைத்திருக்கிறீர்கள்? 47 கிலோ ஓம் என்றால் 10க்கு இறக்குங்கள், கசிவின் பாதிப்பு குறையும். சேனலுக்குச் சேனல் சென்சார்கள் ஒரே மாதிரி இருக்காது, பத்தில் ஒன்று மட்டும் ரொம்பக் கூர்மையாக இருந்தால் அதற்கு மட்டும் ரெசிஸ்டரைச் சின்னதாக்குங்கள்.

இன்னும் அடம்பிடித்தால் அகச்சிவப்பை விட்டுவிட்டு சிவப்பு எல்இடி போட்டுப் பாருங்கள். கூர்மை குறையும், ஆனால் காகிதத்துக்கும் ஓட்டைக்கும் உள்ள வித்தியாசம் கூடலாம். நான் அனலாக் வழியையும் யோசித்தேன். மெகாவில் 16 அனலாக் இன்புட் இருக்கிறது, ஒவ்வொரு சேனலுக்கும் தனி வரம்பு சாஃப்ட்வேரிலேயே வைக்கலாம். ஆனால் பத்து சேனலை ஒவ்வொன்றாகப் படிக்கும் நேரத்தில் டேப் நகர்ந்துவிடும். மெதுவாக இழுத்தால் சரி. எனக்கு 74எச்சி14தான் நிம்மதி.

ஒரு சின்ன விஷயம். உங்கள் பட்டறை டியூப்லைட்டின் வெளிச்சமும் பக்கவாட்டில் புகும். கட்டைக்கு மேல் ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

மின்யாக் பட்டறை எழுதியது:

நீங்கள் சொன்னது சரி, 47தான் வைத்திருந்தேன். 10க்கு இறக்கி, கரன்ட்டையும் குறைத்தேன். மஞ்சள் டேப்பும் வழிக்கு வந்துவிட்டது.

இப்போது ஒரு டேப் மட்டும் பாக்கி. பெரிய கேம், எங்களுக்கு அதுதான் முக்கியம். நடுவில் பத்துப் பதினைந்து இடத்தில் பாரிட்டி தவறு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை, சில இடத்தில் இரண்டு ஓட்டைகள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. ஒரு இடத்தில் கிழிந்து யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள், பசை கசிந்து தூசி பிடித்துக் கிடக்கிறது. இதை எப்படி?

சான் சோ லின் தாத்தா எழுதியது:

நம் ஊர் ஈரத்தில் காகிதம் பிழைத்ததே பெரிது. பூச்சிக்கு அந்த டேப்பும் சாப்பாடுதான்.

இந்த இடங்களுக்கு ரீடர் வேண்டாம், ஃப்ளாட்பெட் ஸ்கேனர் போதும். முழு டேப்பையும் ஸ்கேனரில் எடுக்க நினைத்தால் பைத்தியம் பிடிக்கும், ஏ4 நீளத்துக்கு 117 எழுத்துதான் அடங்கும். ஆனால் கெட்டுப்போன இடம் மட்டும் என்றால் அதைவிட வசதி கிடையாது. டேப்பின் பின்னால் கறுப்பு அட்டை, 300 டிபிஐ. ஓட்டைக்கு ஓட்டை சரியாக 30 பிக்சல் வரும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் பஞ்ச் குத்திய ஓட்டை எது, பூச்சி தின்ற ஓட்டை எது என்று கண்ணுக்கே தெரியும். பஞ்ச் ஓட்டை வட்டமாக, அதே மையக்கோட்டில், அதே அளவில் இருக்கும். பூச்சிக்கு அளவு தெரியாது.

அப்புறம் புரோகிராமே உங்களுக்குச் சாட்சி சொல்லும். வளைவைச் சின்னச் சின்ன நேர்கோடாக, ஜி01 என்ற நேர்கோட்டுக் கட்டளையில் உடைத்துப் போட்டிருப்பார்கள். முந்தின புள்ளியும் அடுத்த புள்ளியும் தெரிந்தால் நடுவில் உள்ளது ஏறக்குறைய எங்கே வர வேண்டும் என்று தெரியும். எக்ஸ், ஒய் இரண்டையும் எக்செலில் போட்டு கோடு வரையுங்கள், தவறான புள்ளி கோட்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். பாரிட்டி கண்டுபிடிக்காத இரட்டைத் தவறும் இதில் அகப்படும். இன்க்ரிமென்டலில், அதாவது முந்தின புள்ளியிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்று எழுதிய புரோகிராமாக இருந்தால் இன்னும் நல்லது, கேம் ஒரு சுற்று சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும், கூட்டுத்தொகை பூஜ்ஜியம் வரவில்லை என்றால் எங்கோ ஒரு எண் தவறு.

செலோடேப்பைப் பிய்க்காதீர்கள், காகிதமும் சேர்ந்து வரும். கண்ணாடி போன்ற டேப் வெளிச்சத்தை மறைக்காது. மேலே டால்கம் பவுடர் லேசாகத் தடவிப் பசையைக் காயவைத்துவிட்டு, உங்கள் கை ரீடரில் மெதுவாக இழுங்கள். அதை மெஷின் ரீடரில் மட்டும் போடவே போடாதீர்கள்.

இனி ஏற்றுவதைச் சொல்கிறேன். உங்கள் கண்ட்ரோலில் 25 பின் கனெக்டர் ஒன்று இருக்கும், ரீடர் பஞ்ச் இன்டர்ஃபேஸ். அதில்தான் ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு. 25ஆம் பின்னில் 24 வோல்ட் இருக்கும். வெளியிலிருந்து டேப் ரீடர் மாட்டினால் அதற்கு மின்சாரம் கொடுக்க ஃபனுக் வைத்தது. 25 பின்னும் நேருக்கு நேர் போகும் ரெடிமேட் கேபிளை வாங்கி கம்ப்யூட்டரில் சொருகினால் கதை முடிந்தது. கேபிளை நீங்களே சால்டர் பண்ணுங்கள். 2ம் 3ம் குறுக்கே, 7 நேரே. மெஷின் பக்கம் 4ஐயும் 5ஐயும் இணைத்துவிடுங்கள், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

பெரும்பாலும் 4800 பாட், 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். உங்கள் மெஷினில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாராமீட்டரில் பாருங்கள், எந்த எண் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அப்பாவிடம் பழைய கையேடு இருந்தால் அதுதான் வேதம். ஐஎஸ்ஓ டேப்பின் எட்டு ஓட்டையும் 7 பிட்டோடு இரட்டைப்படைப் பாரிட்டி சேர்த்ததும் ஒன்றேதான். டேப்பை அப்படியே கம்பியில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஐஏ டேப்பை மட்டும் கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஓவாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். முதலில் % குறி, அப்புறம் பிளாக் முடிவு, அப்புறம்தான் புரோகிராம் எண். முதல் பிளாக் முடிவு வரும்வரை கண்ட்ரோல் எதையும் கணக்கில் எடுக்காது, அந்த முதல் பிளாக் முடிவை வைத்துத்தான் ஈஐஏவா ஐஎஸ்ஓவா என்று அதுவே முடிவு செய்யும்.

மெஷின் தயாரானதும் 'அனுப்பு' என்று டிசி1 குறியை அனுப்பும், நிரம்பினால் 'நிறுத்து' என்று டிசி3. டிசி3 வந்த பிறகும் சில எழுத்தைத் தாங்கும், பத்துக்கு மேல் போனால் பஃபர் நிரம்பியது என்று அலாரம். பல மாடல்களில் அது 087. யுஎஸ்பி கன்வெர்ட்டர்களில் இதுதான் தொல்லை, கம்ப்யூட்டர் நிறுத்தினாலும் கன்வெர்ட்டர் தன் வயிற்றில் இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்களிடம்தான் ஆர்டுயினோ இருக்கிறதே, வோல்டேஜை ஆர்எஸ்-232க்கு ஏற்றபடி மாற்றும் மேக்ஸ்232 சிப் ஒன்றைப் போட்டு அதிலிருந்தே அனுப்புங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் டிசி3 வந்ததா என்று பார்த்து.

ஒரு எச்சரிக்கை. சில டேப்புகளில் பிளாக் முடிவுக்கு முன்னால் காரணமே இல்லாமல் ஒரு இடைவெளி எழுத்து வரும். சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்துவிடாதீர்கள். டிவி செக் போட்டிருந்தால் ஒரு பிளாக்கில் உள்ள எழுத்துகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அதற்காகப் போட்டது அது. எடுத்தால் 002 அலாரம் வரும், நீங்கள் கேபிளைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மெமரி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மெமரியையே டேப் மீட்டரில்தான் சொல்வார்கள், ஒரு மீட்டர் என்றால் 394 எழுத்து. 40 மீட்டர் மெமரி என்றால் 16 கிலோபைட்கூட வராது. உங்கள் பெரிய கேம் அதைவிட நீளம் என்றால் இரண்டாக வெட்ட வேண்டியிருக்கும்.

கிள்ளான் சிஎன்சி எழுதியது:

மியூசியம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்னிடமும் ஒரு பழைய டர்ரெட் பஞ்ச் மெஷினின் டேப் இரண்டு பெட்டி கிடக்கிறது. கட்டையின் அளவுகளைப் போட முடியுமா பாஸ்?

மின்யாக் பட்டறை எழுதியது:

தாத்தா, பெரிய கேம் உள்ளே போய்விட்டது, 002 வரவில்லை. எக்செலில் போட்டபோது இரண்டு புள்ளி துருத்திக்கொண்டு நின்றது, இரண்டும் பூச்சியின் வேலை, ஸ்கேனில் பார்த்துத் திருத்தினேன். இசட்டை 50 மில்லிமீட்டர் தூக்கி வைத்துக் காற்றில் ஒரு முறை ஓட்டினேன். அப்பா கேமின் பழைய டெம்ப்ளேட் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து வந்தார், அது இருப்பதாக எனக்கே தெரியாது. சனிக்கிழமை இரும்பில் வெட்டுகிறோம்.

கட்டை அளவு கேட்ட அண்ணனுக்கு: அலுமினியம், நீளம் 120. பள்ளம் அகலம் 25.5, ஆழம் 0.5. டேப்பின் மூன்று சேனல் இருக்கும் பக்கத்து விளிம்பை ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கச் சுவரில் டேப் ஒட்டி ஓட வேண்டும். அங்கிருந்து முதல் சேனல் மையம் 2.34, அதன் பிறகு 2.54 வீதம் ஒன்பது ஓட்டை, நான்காவதாக வருவது ஃபீட், அது 9.96இல். கடைசி, எட்டாவது சேனல், 22.66இல் வரும். இரண்டாவது ஃபீட் ஓட்டை அதே 9.96 கோட்டில், நீளவாட்டில் 13.335 தள்ளி. ஜன்னல் ஓட்டைகளை ட்ரில் பண்ணும் முன் சென்டர் ட்ரில் போடுங்கள், 0.6 பிட் சும்மா பார்த்தாலே உடையும். மேல் மூடிக்கும் அதே ஓட்டை வரிசை, இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒரே தடவையில் போட்டால் நேராக இருக்கும்.